செல்லுக்குள் சமிக்ஞையை அணைப்பது யார்? பாதைப் படத்தைப் பின்னாலிருந்து படிக்கும் முறை

பயோடெக், உயிர்வேதியியல், மருத்துவம் என்று எதைப் படித்தாலும் செல் சமிக்ஞை என்ற பாடம் எங்கேயாவது வந்து நிற்கும். செய்தியைப் பிடிக்கும் புரதமான ஏற்பியில் ஹார்மோன் ஒட்டும், ஓர் அம்புக்குறி, ஒரு புரதம், இன்னோர் அம்புக்குறி, இன்னொரு புரதம், கடைசியில் நியூக்ளியஸ். மனப்பாடம் செய்து வரைந்துவிட்டால் மார்க்கும் வந்துவிடும். ஆனால் வைவாவில் "சரி, இது எப்போது நிற்கும்?" என்று ஒரு கேள்வி விழுந்தால் பாதிப் பேர் விழிப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, புத்தகத்துப் படத்தில் அந்தப் பகுதியே பெரும்பாலும் இருப்பதில்லை.

எனக்குத் தெரிந்தவரை ஒரு பாதையை உருப்படியாகப் புரிந்துகொள்ள ஒரே வழி, அணையும் பக்கத்திலிருந்து படிப்பதுதான். நோய்களில் பெரும் பகுதி அங்கேதான் வருகிறது, நாம் விழுங்கும் மாத்திரைகளில் பல அங்கேதான் வேலை செய்கின்றன. அதை எப்படிச் செய்வது என்று இங்கே எழுதுகிறேன். கல்லூரிப் பாடம் ஓரளவு தெரிந்தவர்களை மனதில் வைத்து எழுதுவதால் அடிப்படைச் சொற்களுக்கெல்லாம் விளக்கம் கொடுக்கவில்லை.

தாளும் இரண்டு பேனாவும்

ஒரு ஏ4 தாள், கறுப்புப் பேனா, சிவப்புப் பேனா. பாதையைக் கறுப்பில் வரையுங்கள். நெருக்கி வரையாமல் ஒவ்வொரு அம்புக்கும் பக்கத்தில் இரண்டு விரல் இடம் விடுங்கள். அப்புறம் ஒவ்வொரு கறுப்பு அம்பிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இந்த இடத்தில் எந்தப் பொருள், வேதியியலாக, என்ன மாற்றம் அடைந்தது? "ஏ என்பது பி-யைத் தூண்டுகிறது" என்று எழுதி நழுவக் கூடாது. பாஸ்பேட் ஏறியதா, குவானோசின் டைபாஸ்பேட் வெளியேறி ட்ரைபாஸ்பேட் உட்கார்ந்ததா, ஒரு சிறு மூலக்கூறு புதிதாக உருவானதா, கால்சியம் உள்ளே பாய்ந்ததா, ஒரு புரதம் இடம் மாறியதா, இதுவரை இல்லாத ஒரு புரதம் தயாரானதா?

மாற்றம் என்னவென்று தெரிந்துவிட்டால் அதைத் திருப்பிப் போடுபவர் யார் என்பது பெரும்பாலும் தானாக வந்துவிடும். பாஸ்பேட் ஏறியிருந்தால் அதை வெட்டும் பாஸ்படேஸ் ஒன்று எங்கேயோ இருந்தாக வேண்டும். ட்ரைபாஸ்பேட் என்றால் அதைப் பிளக்கும் வினை, சிறு மூலக்கூறு என்றால் அதை உடைக்கும் நொதி, கால்சியம் என்றால் அதை வெளியே தள்ளும் பம்ப், புதுப் புரதம் என்றால் அதை அரைத்து அழிக்கும் புரோட்டியசோம். இதைச் சிவப்புப் பேனாவால் எதிர்த்திசையில் வரையுங்கள். சிவப்பு அம்பு இல்லாத கறுப்பு அம்பு ஒன்று தாளில் மிஞ்சினால், நீங்கள் இன்னும் படிக்க வேண்டிய இடம் அதுதான்.

இதில் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஏற்பியை அணைத்தால் பாதை முழுக்க அணைந்துவிடும் என்று நினைப்பார்கள். மாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள்: மோட்டாரை நிறுத்தினால் தண்ணீர் ஏறுவதுதான் நிற்கும், ஏறின தண்ணீர் அங்கேயே கிடக்கும், குழாய் திறந்திருந்தால்தான் மட்டம் இறங்கும். செல்லில் அந்தக் குழாய்களில் பல எப்போதும் கொஞ்சம் திறந்தேதான் இருக்கின்றன. பாஸ்படேஸ்கள் ஓய்வு நேரத்திலும் வெட்டிக்கொண்டிருக்கின்றன, பாஸ்பேட் ஏற்றும் நொதிகளான கைனேஸ்கள் மெல்லத் திரும்ப ஒட்டிக்கொண்டிருக்கின்றன, செல்லின் எரிபொருளான ஏடிபி (அடினோசின் ட்ரைபாஸ்பேட்) சும்மா கரைகிறது. வீண்செலவு மாதிரி தெரியும். ஆனால் மேலே உற்பத்தி நின்ற மறு நிமிடமே மட்டம் சரசரவென்று இறங்குவது அந்தச் செலவால்தான், குழாய் எவ்வளவு அகலமோ அவ்வளவு வேகம்.

அட்ரினலினை எடுத்துப் போட்டுப் பார்ப்போம்

தசைச் செல்லில் அட்ரினலின் பாதை பயிற்சிக்கு நல்லது, ஏனென்றால் இதில் பல வகைச் சிவப்பு அம்புகள் உண்டு. கறுப்பில் வருவது இது: அட்ரினலின் பீட்டா ஏற்பியில் ஒட்டுகிறது, ஏற்பி ஜிஎஸ் புரதத்தை (ஜி புரதங்களில் ஒரு வகை) எழுப்புகிறது, அது அடினைலைல் சைக்ளேஸை எழுப்புகிறது, அந்த நொதி சைக்ளிக் ஏஎம்பியைத் தயாரிக்கிறது, அது புரத கைனேஸ் ஏ-வை விடுவிக்கிறது, அது பாஸ்ஃபாரிலேஸ் கைனேஸ் மேல் பாஸ்பேட் ஏற்றுகிறது, அது கிளைக்கோஜன் பாஸ்ஃபாரிலேஸ் மேல் ஏற்றுகிறது, கிளைக்கோஜன் உடைகிறது. இந்த ஒரு பாதையின் வெவ்வேறு படிகளுக்கு 1971, 1992, 1994, 2012 என்று நோபல் பரிசுகள் போயிருக்கின்றன, அதனால் எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் கிடைக்கும்.

முதல் சிவப்பு அம்பு செல்லுக்கு வெளியே இருக்கிறது, அதைத்தான் எல்லாரும் மறப்பார்கள். ரத்தத்தில் அட்ரினலின் சில நிமிடங்கள்தான் தாங்கும், கல்லீரலும் மற்றத் திசுக்களும் அதைப் பிடித்து நொதிகளால் மாற்றிவிடும். செய்தியைக் கொண்டுவந்த மூலக்கூறையே அழிப்பது எவ்வளவு முக்கியம் என்று பார்க்க வேண்டுமானால் அசிட்டைல்கோலினைப் பாருங்கள். அதை உடைக்கும் நொதி, அசிட்டைல்கோலின் எஸ்டரேஸ், ஒரே மூலக்கூறு ஒரு வினாடியில் ஆயிரக்கணக்கானவற்றை வெட்டித் தள்ளும். ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து இந்த நொதியைத்தான் முடக்குகிறது. அணையாத செய்தி எப்படி இருக்கும் என்பது அந்த நோயாளியின் உடம்பில் தெரியும்: வாயில் எச்சில் வழியும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், நுரையீரலில் நீர் சுரக்கும், தசை துடித்துத் துடித்து ஓய்ந்து மூச்சு நிற்கும். நம் ஊர் அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் வேலை பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. அட்ரோபின் கொடுப்பது ஏற்பியை மறைப்பதற்கு, பிராலிடாக்ஸைம் கொடுப்பது முடங்கிய நொதியை மீட்பதற்கு. ஒன்று கறுப்பு அம்பில் கை வைக்கிறது, மற்றது சிவப்பு அம்பில்.

இதே படியில் இனிப்பான சேதியும் உண்டு. சாப்பிட்டதும் குடலிலிருந்து வரும் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் ரத்தத்தில் ஓரிரண்டு நிமிடம்தான் இருக்கும், டிபிபி-4 என்ற நொதி அதன் முனையை வெட்டிவிடும். சர்க்கரை நோய்க்கான சிட்டாகிளிப்டின் மாத்திரை அந்தக் கத்தரிக்கோலைத் தடுக்கிறது. செமாக்ளுடைட் ஊசி வேறு வழியில் போகிறது, கத்தரிக்கோலுக்குப் பிடிகொடுக்காத வடிவத்தில் ஹார்மோனையே மாற்றி அமைத்து, ரத்தத்தில் அல்புமினோடு ஒட்டிக்கொள்ளவும் வைத்திருக்கிறார்கள், அதனால் வாரத்துக்கு ஓர் ஊசி போதும்.

இரண்டாவது சிவப்பு அம்பு ஏற்பியின் மேல். ஹார்மோன் ஒட்டிய ஏற்பியை மட்டும் தேடிப் பிடித்து அதன் வாலில் பாஸ்பேட் ஏற்றும் கைனேஸ்கள் உண்டு, ஜிஆர்கே என்பார்கள். பாஸ்பேட் ஏறிய வாலில் அரெஸ்டின் என்ற புரதம் வந்து உட்காரும், உட்கார்ந்ததும் ஜி புரதத்துக்கு ஏற்பியை நெருங்க இடமில்லாமல் போய்விடும். அரெஸ்டின் அதோடு நிற்பதில்லை, ஏற்பியை, செல் சவ்வு உள்வாங்கும் இடமான கிளாத்ரின் குழிக்கு இழுத்துச் சென்று செல்லுக்குள் மூழ்கடிக்கவும் செய்யும். மூழ்கிய ஏற்பி கழுவப்பட்டு மேலே வரலாம், அல்லது செல்லின் கழிவு அழிக்கும் பையான லைசோசோமில் முடிந்துபோகலாம். இந்த இரண்டையும் தனித்தனிச் சிவப்பு அம்பாக வரையுங்கள், ஏனென்றால் முதல் வழியில் போனால் செல் சீக்கிரமே மறுபடி கேட்கத் தயாராகிவிடும், இரண்டாவது வழியில் போனால் புது ஏற்பி தயாராகும்வரை செல் பாதிக் காதோடு இருக்கும்.

இந்தப் படி மனிதரில் உடைந்தால் என்ன ஆகும் என்று கண் காட்டுகிறது. விழித்திரையின் குச்சி செல்களில் ஒளி பட்ட ரோடாப்சினை அணைப்பதும் இதே ஜோடிதான், ஒரு கைனேஸ், ஓர் அரெஸ்டின். இரண்டில் எதன் மரபணு கெட்டாலும் ஒகுச்சி நோய் வருகிறது, 1907-இல் ஜப்பானில் முதலில் விவரிக்கப்பட்ட ஒருவகை மாலைக்கண். வெளிச்சத்திலிருந்து வந்தவரின் விழித்திரை பொன்னிறமாக மின்னும், சில மணி நேரம் இருட்டில் உட்கார வைத்துப் பார்த்தால் நிறம் சாதாரணமாகிவிடும், பார்வையும் அதற்குள் திரும்பி வரும். முன்பு பட்ட வெளிச்சத்தின் சமிக்ஞை அணைய அவ்வளவு நேரம் எடுக்கிறது, அவ்வளவுதான் விஷயம். ஜி புரதத்தை அணைக்க உதவும் ஆர்ஜிஎஸ்-9 என்ற புரதம் கெட்டவர்களுக்கு வேறு மாதிரிச் சிக்கல்: இருட்டிலிருந்து வெயிலுக்கு வந்தால் சில வினாடிகள் கண் ஒன்றும் பிடிபடாது, பறந்து வரும் பந்தைக் கண்ணால் பின்தொடர முடியாது.

கண்ணைப் பற்றிப் பேசும்போதே ஓர் எச்சரிக்கை. குச்சி செல்லில் பாஸ்போடையஸ்டரேஸ் என்ற நொதி கறுப்பு அம்பு, அதாவது ஒளி பட்டால் அது எழுந்து சைக்ளிக் ஜிஎம்பியை உடைக்கிறது. அணைப்பதற்குச் சைக்ளிக் ஜிஎம்பியை மறுபடி தயாரிக்க வேண்டும். தசைச் செல்லிலோ அதே குடும்பத்து நொதி சிவப்பு அம்பு. பெயரைப் பார்த்து நிறம் தீட்டாதீர்கள். செல் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் வின்ட் பாதையும் இப்படித்தான் தலைகீழ்: செய்தி இல்லாத நேரத்தில் பீட்டா-கேட்டனின் என்ற புரதத்தைச் செல் விடாமல் அழித்துக்கொண்டிருக்கும், செய்தி வந்தால் அழிப்பது நிற்கும். அந்த அழிப்புக் கூட்டத்தில் ஏபிசி என்ற புரதம் கெட்டுப்போவதுதான் பெருங்குடல் புற்றுநோய்களில் பெரும்பாலானவற்றில் நாம் பார்ப்பது.

மூன்றாவது படி, ஜி புரதம், எனக்கு மிகப் பிடித்தது. இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

ஜிஎஸ் புரதத்தில் குவானோசின் ட்ரைபாஸ்பேட் உட்கார்ந்திருக்கும் வரை அது விழித்திருக்கும். அந்த மூன்றாவது பாஸ்பேட்டை வெட்டுவது அந்தப் புரதமேதான், தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும் புரதம். வெட்டும் இடத்தில் ஓர் ஆர்ஜினின் அமினோ அமிலம், 201-ஆம் இடத்தில், நேர்மின்னூட்டத்தோடு நீட்டிக்கொண்டு நிற்கிறது. பாஸ்பேட் பிரியும்போது உருவாகும் எதிர்மின்னூட்டத்தைத் தாங்கிப் பிடிப்பது அதன் வேலை. காலரா கிருமியின் நச்சு குடல் செல்லுக்குள் நுழைந்து இந்த ஒற்றை ஆர்ஜினின் மேல்தான் ஏடிபி-ரைபோஸ் (இங்கே ஏடிபி என்பது அடினோசின் டைபாஸ்பேட்) என்ற கட்டியை ஒட்டுகிறது. ஒட்டியதும் வெட்டு நின்றுவிடும், புரதம் தூங்கவே முடியாது, சைக்ளிக் ஏஎம்பி ஏறிக்கொண்டே போகும், குளோரைடு வாய்க்கால் திறந்தே இருக்கும், உப்பும் தண்ணீரும் குடலுக்குள் கொட்டும். கடுமையான காலராவில் மணிக்கு ஒரு லிட்டர் வரை போகும் என்பதற்குப் பின்னால் இருப்பது இவ்வளவு சின்ன ஒட்டு. கிருமி இல்லாமல் அதன் வடிகட்டிய திரவம் மட்டுமே இதைச் செய்யும் என்று 1959-இல் காட்டியவர் கொல்கத்தாவின் சம்பு நாத் டே. பாடப்புத்தகங்களில் அவர் பெயரைத் தேடினால் எத்தனையில் கிடைக்கும் என்று பாருங்கள்.

ஒட்டிய ஏடிபி-ரைபோஸை நீக்க அந்தச் செல்லுக்கு நடைமுறையில் வழியில்லை. அந்தச் செல்லே உதிர்ந்து புதுச் செல் வரும்வரை நோயாளியைத் தண்ணீர் வற்றாமல் காப்பாற்ற வேண்டும், குடலின் மேல்தோல் சில நாட்களில் புதுப்பித்துக்கொள்ளும் என்பதால் அது முடிகிறது. குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்து உள்ளே போகும் வாயிலை நச்சு தொடுவதில்லை, உப்புச்சர்க்கரைக் கரைசல் அந்த வாயில் வழியாகத்தான் உயிரைக் காப்பாற்றுகிறது.

இப்போது அதே ஆர்ஜினினைக் கையில் பிடித்துக்கொண்டு, செல்லைப் பெருகச் சொல்லும் ராஸ் புரதத்துக்கு வாருங்கள். ராஸும் இதே போல ட்ரைபாஸ்பேட்டை வெட்டி அணையும் புரதம்தான், ஆனால் அதனிடம் அந்த ஆர்ஜினின் இல்லை. தனியாக விட்டால் அணைய அரை மணி நேரம் போல ஆகும். கேப் என்ற துணைப் புரதம் பக்கத்தில் வந்து தன்னுடைய ஆர்ஜினினை விரல் மாதிரி உள்ளே நீட்டும், வேகம் ஒரு லட்சம் மடங்கு கூடிவிடும். 1997-இல் வெளியான படிகப் படத்தில் அந்த விரலை நேராகவே பார்க்கலாம். ராஸின் 12-ஆம் இடத்தில் கிளைசின் இருக்கிறது, அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது. அங்கே வேறு எது வந்தாலும் விரலுக்கு இடம் இடிக்கும். புற்றுநோயில் அந்தப் பன்னிரண்டாம் இடம் ஏன் திரும்பத் திரும்ப மாறுகிறது என்பதற்குக் காரணம் இதுதான். முதல் வகை நியூரோஃபைப்ரோமாட்டோசிஸ் என்ற நரம்புக் கட்டி நோயில் விரலை நீட்டும் கேப் புரதங்களில் ஒன்றே கெட்டுப்போகிறது. 2021-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சோட்டோராசிப் மருந்து, 12-ஆம் இடத்தில் சிஸ்டீன் வந்த கேராஸை (ராஸ் புரதங்களில் ஒன்று) பிடிக்கிறது, அதுவும் அது டைபாஸ்பேட்டோடு அணைந்திருக்கும் கணத்தில். அந்தத் திரிபு தனியாக, மெதுவாகவாவது அணைந்து எழுவதால்தான் மருந்துக்கு அந்த வாய்ப்பே கிடைக்கிறது.

நான்காவது படி, சைக்ளிக் ஏஎம்பியை உடைக்கும் பாஸ்போடையஸ்டரேஸ். காபி குடித்தால் வரும் சுறுசுறுப்புக்குக் காரணம் காஃபின் இந்த நொதியைத் தடுப்பது என்று இன்னும் பல நோட்ஸில் இருக்கிறது, அடித்துவிடுங்கள். ஒரு டம்ளர் காபியில் வரும் அளவுக்கு அந்த வேலை அதிகம் நடக்காது, அங்கே காஃபின் முதன்மையாக அடினோசின் ஏற்பியைத்தான் மறைக்கிறது. நல்ல உதாரணம் வயாகரா என்ற பெயரில் பலருக்குத் தெரிந்த சில்டெனாஃபில். அது சைக்ளிக் ஜிஎம்பியை உடைக்கும் ஐந்தாம் வகை நொதியைத் தடுக்கிறது. ஆனால் நரம்பிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு வந்து சைக்ளிக் ஜிஎம்பி உருவானால்தான் உடையாமல் காக்க ஏதாவது இருக்கும், மாத்திரை மட்டும் தனியாக ஒன்றும் செய்யாது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் எடுப்பவர்கள் இதைத் தொடவே கூடாது என்பதும் இதே கணக்குதான், உற்பத்தியையும் கூட்டி வடிகாலையும் அடைத்தால் ரத்த அழுத்தம் ஆபத்தாக இறங்கிவிடும்.

கடைசிப் படியில் பாஸ்பேட்டை வெட்டுவது பிபி-1 என்ற பாஸ்படேஸ். இங்கே செல் ஒரு தந்திரம் வைத்திருக்கிறது: புரத கைனேஸ் ஏ விழித்திருக்கும்போது இன்ஹிபிட்டர்-1 என்ற சிறு புரதத்திலும் பாஸ்பேட் ஏற்றுகிறது, அது போய் பிபி-1-ஐப் பூட்டிவிடுகிறது. கைனேஸ் ஓய்ந்ததும் இன்ஹிபிட்டரின் பாஸ்பேட் போகும், பிபி-1 விடுபடும், உடனே வெட்டும். ஆக, உங்கள் தாளில் சில கறுப்பு அம்புகள் சிவப்பு அம்பின் மேலேயே போய் முடியும். அதைக் கண்டுபிடித்து வரைந்துவிட்டீர்களானால் இந்தப் பாதையை உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

சிவப்பு அம்புக்குப் பக்கத்தில் நேரம்

படம் முடிந்ததும் ஒவ்வொரு சிவப்பு அம்புக்குப் பக்கத்திலும் அது எவ்வளவு நேரத்தில் வேலை செய்யும் என்று எழுதுங்கள், தோராயமாகப் போதும். தன்னைத் தானே வெட்டும் ஜி புரதம் வினாடிகள், ஜிஆர்கேயும் அரெஸ்டினும் வினாடிகளிலிருந்து நிமிடங்கள், ஏற்பி உள்ளே மூழ்குவது நிமிடங்கள், புதுத் தடைப் புரதம் தயாராவது அரை மணியிலிருந்து சில மணி நேரம். இந்தக் கடைசி வகை தனியாகக் கவனிக்க வேண்டியது, ஏனென்றால் பாதை தன்னை அணைக்கும் புரதத்தைத் தானே தயாரிக்கச் சொல்கிறது.

மரபணுக்களை இயக்கிவைக்கும் என்எஃப்-கப்பா பி என்ற புரதம் இதற்கு நல்ல சாட்சி. அழற்சிச் செய்தி வந்ததும் அதைக் கட்டிவைத்திருக்கும் ஐ-கப்பா பி ஆல்ஃபா சில நிமிடங்களில் அழிக்கப்படும், விடுபட்ட என்எஃப்-கப்பா பி நியூக்ளியஸுக்குப் போய் முதல் வேலையாகத் தயாரிக்கச் சொல்லும் புரதங்களில் ஒன்று அதே ஐ-கப்பா பி ஆல்ஃபா. அது வந்து மறுபடி கட்டி வெளியே இழுத்து வரும். செய்தி இன்னும் நிற்காமல் வந்துகொண்டிருந்தால் மறுபடி அழியும், மறுபடி வரும். தனித்தனிச் செல்லாக நுண்ணோக்கியில் பார்த்தால் அது சுமார் 100 நிமிடத்துக்கு ஒரு முறை உள்ளே போய் வெளியே வருவது தெரியும்.

செல்கள் ஒன்றோடொன்று பேசப் பயன்படுத்தும் சைட்டோகைன்களின் பாதைகளில் சாக்ஸ் என்ற தடைப் புரதங்கள் இதே வேலையைச் செய்கின்றன. அங்கே உடனடியாக அணைப்பதற்கு எஸ்எச்பி-1 என்ற பாஸ்படேஸும் உண்டு, அது ஏற்பியின் வாலில் வந்து ஒட்ட வேண்டும். ஃபின்லாந்தின் ஏரோ மன்டிரான்டா என்ற பனிச்சறுக்கு வீரருக்கு எரித்ரோபாய்டின் என்ற ஹார்மோனுக்கான ஏற்பியின் அந்த வால் பிறவியிலேயே குட்டை. ரத்தச் சிவப்பணுவைப் பெருக்கு என்ற கட்டளை அவர் உடம்பில் சரியாக அணைவதே இல்லை, ஹீமோகுளோபின் மற்றவர்களைவிட எக்கச்சக்கம். ஊக்கமருந்து எடுத்தார் என்ற சந்தேகம் அவர்மேல் நெடுநாள் இருந்தது, 1993-இல்தான் குடும்பத்தையே ஆராய்ந்து மரபணு மாற்றம் கண்டுபிடிக்கப்பட்டது. 1960-லும் 1964-லுமாக ஒலிம்பிக்கில் 3 தங்கம். அணைப்பான் கெட்டால் நோய் மட்டும்தான் வரும் என்று எழுதிவைத்திருப்பவர்கள் இதையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

நேரத்தை எழுதுவதற்கு இன்னொரு காரணம், எவ்வளவு நேரம் எரிகிறது என்பதே செல்லுக்கு ஒரு செய்தி. எலியின் பிசி-12 செல்களுக்கு இஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணியைக் கொடுத்தால் எர்க் என்ற கைனேஸ் சில நிமிடம் எரிந்து அணையும், செல் பெருகும். என்ஜிஎஃப் என்ற நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கொடுத்தால் அதே எர்க் மணிக்கணக்கில் எரியும், செல் பெருகுவதை விட்டுவிட்டு நரம்பு மாதிரி கிளை விடும். கைனேஸ் ஒன்றுதான், கறுப்பு அம்பை மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது.

லேபில் எப்படிக் கண்டுபிடிப்பது

புராஜெக்ட் செய்பவர்களுக்கு இது. செல்லுக்கு இஜிஎஃப் கொடுத்து 0, 5, 15, 30, 60, 120 நிமிடங்களில் எடுத்து, புரத அளவைப் பட்டையாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் ஓட்டுகிறீர்கள். பாஸ்போ-எர்க் (பாஸ்பேட் ஏறிய எர்க்) பேண்ட் 5 நிமிடத்தில் உச்சம், 60-இல் மங்கல். ஏன் மங்கியது? வெறுமனே "நெகட்டிவ் ஃபீட்பேக்" என்று எழுதிவிட்டு அடுத்த பக்கம் போகாதீர்கள், எது என்று பிரித்துக் காட்டலாம்.

முதலில் மங்கின செல்களுக்கே மறுபடி புது இஜிஎஃப் போடுங்கள். பேண்ட் திரும்ப எழுந்தால் பழைய இஜிஎஃப் தீர்ந்துபோயிருக்கிறது என்று அர்த்தம், செல் அதை விழுங்கித் தீர்த்திருக்கும். எழவில்லை என்றால் செல் காதைப் பொத்திக்கொண்டது. எங்கே பொத்தியது என்று பார்க்க ஏற்பியைத் தாண்டி உள்ளே குதிக்க வேண்டும்: பிஎம்ஏ என்ற சேர்மம் புரத கைனேஸ் சி வழியாக எர்க்கை எழுப்பும். அதற்கு எர்க் எழுந்தால் தடை மேலே, ஏற்பியின் பக்கம் இருக்கிறது, இஜிஎஃப் ஏற்பியின் மொத்த அளவையும் ஒரு பிளாட் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் தடை கீழே, எர்க்கின் பாஸ்பேட்டை வெட்டும் டஸ்ப் வகைப் பாஸ்படேஸ்களைச் சந்தேகிக்கலாம்.

அடுத்தது சைக்ளோஹெக்ஸிமைடு, புதுப் புரதம் தயாராவதைத் தடுப்பது. அதைச் சேர்த்த செல்லில் பேண்ட் மங்காமல் நின்றால் அணைப்பவர் புதிதாகப் பிறக்கும் புரதம். ஆனால் சைக்ளோஹெக்ஸிமைடு தனியாகவே சில கைனேஸ்களை எழுப்பிவிடும், அது மட்டும் சேர்த்த தட்டு ஒன்று கண்டிப்பாக வேண்டும், அது இல்லாத படத்தை நான் நம்புவதில்லை.

வெட்டும் வேகத்தையே அளக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது, நம் ஆட்கள் ஏனோ அதிகம் பயன்படுத்துவதில்லை. உச்சத்தில் இருக்கும்போது, எர்க்கில் பாஸ்பேட் ஏற்றும் மெக் கைனேஸைத் தடுக்கும் மருந்தைப் போட்டு, அந்த நிமிடத்திலிருந்து குறுகிய இடைவெளியில் எடுத்துக்கொண்டே வாருங்கள். புதிதாகப் பாஸ்பேட் ஏறுவது நின்றுவிட்டதால் பேண்ட் எவ்வளவு வேகத்தில் இறங்குகிறதோ அதுதான் பாஸ்படேஸின் வேகம். மருந்து செல்லுக்குள் போய்ச் சேரும் நேரத்தையும் கழித்துக்கொள்ள வேண்டும், அதனால் கொஞ்சம் தாராளமான அளவில் போடுங்கள்.

செல்லை உடைக்கும் லைசிஸ் பஃபரில் பாஸ்படேஸ் தடுப்பான்கள் இல்லையென்றால் செல் உடைந்த பிறகு ட்யூபுக்குள்ளேயே அணைந்துகொண்டிருக்கும், நீங்கள் பார்ப்பது செல்லின் கதையாக இருக்காது. சோடியம் ஃப்ளூரைடும் பீட்டா-கிளிசரோபாஸ்பேட்டும் செரின்-திரியோனின் பக்கத்துக்கு, ஆர்த்தோவனடேட் டைரோசின் பக்கத்துக்கு. எர்க்கில் ஒரு திரியோனின், ஒரு டைரோசின் என்று இரண்டிலும் பாஸ்பேட் ஏறுவதால் எல்லாமே வேண்டும். வனடேட்டை அப்படியே கரைத்துப் போட்டால் சரியாக வேலை செய்யாது, பிஎச் 10-க்குக் கொண்டுவந்து கொதிக்க வையுங்கள், மஞ்சள் போய்த் தெளிவாகும், ஆறியதும் பிஎச்சைப் பாருங்கள், மஞ்சள் திரும்பினால் மறுபடி. பஃபரில் இடிடிஏ அதிகம் இருந்தால் இந்த உழைப்பெல்லாம் வீண், அது வனடேட்டைப் பிடித்துக்கொள்ளும். பாஸ்போ-எர்க்கோடு மொத்த எர்க்கையும் ஓட்டுவது பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் ஒன்று, செல் லைனை (லேபில் தொடர்ந்து வளர்க்கும் செல் வகையை) தேர்ந்தெடுக்கும் முன் அதில் எந்தச் சிவப்பு அம்பு ஏற்கெனவே உடைந்திருக்கிறது என்று தேடிப் பாருங்கள். ஜர்காட் செல்லில் பிடென் என்ற பாஸ்படேஸ் கிடையாது, அதனால் ஏகேடி என்ற கைனேஸ் ஒன்றும் கொடுக்காமலே எரிந்துகொண்டிருக்கும். பிசி-3 செல்லும் யு-87 செல்லும் அப்படியே. ஹீலா செல்லில் மனித பாப்பிலோமா வைரஸின் ஈ-6 புரதம், புற்றுநோயைத் தடுக்கும் பி-53 புரதத்தை விடாமல் அழித்துக்கொண்டிருக்கிறது. பாதை அணைகிறதா என்று பார்க்கும் பரிசோதனைக்கு, அணைப்பான் இல்லாத செல்லை ஃப்ரீசரில் கைக்குக் கிடைத்தது என்பதற்காக எடுத்து வளர்க்காதீர்கள்.